நொடிக்கு நூறு சிக்னல் போனால் நரம்பில் உப்பு தீர்ந்து போகாதா?

அருப்புக்கோட்டை டியூஷன்:

வணக்கம். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் விலங்கியல் எடுக்கிறேன். இப்போது நரம்பு மண்டலப் பாடம் ஓடுகிறது. ஓய்வில் இருக்கும் நரம்பு செல்லின் உள்பக்கம் −70 மில்லிவோல்ட், தூண்டினால் சோடியம் உள்ளே பாய்ந்து +30 வரை ஏறும், அப்புறம் பொட்டாசியம் வெளியே போய் பழைய நிலைக்குத் திரும்பும் என்று பலகையில் கோடு போட்டுக் காட்டினேன். கடைசியில், சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதமான சோடியம்-பொட்டாசியம் பம்ப்பையும் வரைந்தேன்.

முதல் பெஞ்சில் ஒரு பையன். அதிகம் பேச மாட்டான். எழுந்து கேட்டான்: "சார், ஒவ்வொரு சிக்னலுக்கும் சோடியம் உள்ளே வருது, பொட்டாசியம் வெளியே போகுது. நொடிக்கு நூறு சிக்னல் போனா உள்ளே இருக்கிற பொட்டாசியம் தீர்ந்து போயிடாதா? பம்ப்பு எப்படி அந்த வேகத்துல திரும்ப இழுத்துப் போடும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "பம்ப் சரிசெய்துவிடும்" என்று ஒரு வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் கேட்டது அளவைப் பற்றி. எத்தனை அயனி போகிறது, எத்தனை மிச்சம் இருக்கிறது, பம்ப் எவ்வளவு வேகம் என்று எண்ணிக்கையோடு யாராவது சொன்னால் பெரிய உதவி.

இன்னொன்றும் கேட்டான். சோடியம் அயனி குளுக்கோஸைவிட எவ்வளவோ சின்னது. செல்லைச் சுற்றியுள்ள படலத்தின் வழியாக நேராக நுழைந்துவிட வேண்டியதுதானே, அதற்கு எதற்குத் தனி சேனல், அதாவது புரதத்தால் ஆன வழி?

நீட் ரிப்பீட்டர்:

சார், எங்கள் கோச்சிங்கில் சொன்னது இது. டீபோலரைசேஷன், அதாவது −70லிருந்து மேலே ஏறுவது, சோடியம் சேனலால் நடக்கும். அதன் பிறகு பம்ப் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், அதனால் −70க்குத் திரும்பும். பம்ப் எல்லா நேரமும் ஓடுவதால் தீர்ந்து போகாது. பரீட்சைக்கு இது போதும்.

சேனல் எதற்கு என்றால், படலத்தின் நடுப்பகுதி கொழுப்பு, அயனிக்கு மின்னூட்டம் இருப்பதால் கொழுப்பில் கரையாது.

உடலியல் ஆய்வகம்:

டியூஷன் சார், அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடலியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பையன் கேட்ட கேள்வியை முதலாண்டு எம்பிபிஎஸ் வகுப்பில் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறேன். அவனுக்கு முழுசாகவே சொல்லுங்கள்.

ரிப்பீட்டர் தம்பி, சேனலைப் பற்றி நீ சொன்னது சரி. பம்ப்பைப் பற்றிச் சொன்னது சரியில்லை, பல கைடுகளில் அப்படித்தான் இருக்கிறது என்றாலும். சிக்னல் ஏறி இறங்குவதில் பம்ப்புக்குப் பங்கு இல்லை. +30லிருந்து −70க்குக் கீழே கொண்டுவருவதும் சேனல்கள்தான். சோடியம் சேனல் திறந்த ஒரு மில்லிநொடிக்குள் தானாகவே அடைபட்டுவிடும். பொட்டாசியம் சேனல் கொஞ்சம் தாமதமாகத் திறக்கும், அதன் வழியே பொட்டாசியம் வெளியேறும், உள்பக்கம் மறுபடி எதிர்மின் பக்கம் இறங்கும். அத்துடன் சிக்னல் முடிந்தது.

பம்ப் ஏன் அதில் இல்லை என்பதற்கு நேரக் கணக்கு ஒன்றே போதும். ஒரு பம்ப் மூலக்கூறு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து ஒரு சுற்று சுற்றும். நம் உடல் வெப்பத்தில் நொடிக்கு நூறு, இருநூறு சுற்று என்ற அளவுதான். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 5 முதல் 10 மில்லிநொடி. சிக்னல் ஏறி இறங்கவே 1 அல்லது 2 மில்லிநொடிதான் ஆகிறது. பம்ப் ஒரு சுற்று முடிப்பதற்குள் சிக்னல் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். சேனலோ ஒரு மில்லிநொடி திறந்திருந்தால் ஆயிரக்கணக்கான அயனிகளை விட்டுவிடும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுபவை இல்லை.

அப்படியென்றால் பம்ப் எதற்கு? மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, கீழே மோட்டார். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுவது தொட்டி நிரம்பியிருப்பதால். அந்த நேரத்தில் மோட்டார் ஓட வேண்டும் என்பதில்லை, கரண்ட் போனாலும் வரும். தொட்டி குறையும்போது நிரப்புவதுதான் மோட்டாரின் வேலை. உள்ளே பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல், வெளியே 4. வெளியே சோடியம் 145, உள்ளே 10 முதல் 15. இந்த ஏற்றத்தாழ்வைக் கட்டிக் காப்பாற்றுவதுதான் பம்ப்பின் வேலை.

இனி உங்கள் மாணவன் கேட்ட எண்ணிக்கைக்கு வருவோம். இதைச் சரியாக அளந்தது கணவாயில், அதிலும் ஓட்டுக் கணவாய் இல்லை, ஊசிக் கணவாய் வகை. அதன் உடலில் தண்ணீரைப் பீய்ச்சும் தசைக்குப் போகும் ஒரு ஆக்ஸான், அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழை, அரை மில்லிமீட்டர், சிலவற்றில் ஒரு மில்லிமீட்டர் பருமன் இருக்கும். வெறும் கண்ணுக்கே தெரியும். இங்கிலாந்தில் பிளிமத் கடல் ஆய்வகத்தில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1939இல் அதற்குள் மெல்லிய மின்முனையை நீளவாக்கில் செருகி, உள்பக்க மின்னழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். உடனே உலகப் போர் வந்து வேலை நின்றது. போர் முடிந்தபின் தொடர்ந்து, 1952இல் முழு விளக்கத்தையும் சமன்பாடுகளோடு வெளியிட்டார்கள். 1963இல் நோபல் பரிசு.

அதே குழுவைச் சேர்ந்த கீன்ஸ் கதிரியக்கச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வைத்து, ஒரு சிக்னலுக்கு எவ்வளவு கடக்கிறது என்று எண்ணினார். ஒரு சதுர செண்டிமீட்டர் படலத்துக்கு 3 முதல் 4 பைக்கோமோல் (ஒரு மில்லிமோலில் நூறு கோடியில் ஒரு பங்குதான் பைக்கோமோல்). இப்போது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஆக்ஸான் விட்டம் அரை மில்லிமீட்டர் என்றால், ஒரு சதுர செண்டிமீட்டர் படலத்துக்குப் பின்னால் இருக்கும் கன அளவு விட்டத்தில் நாலில் ஒரு பங்கு, அதாவது 0.0125 கன செண்டிமீட்டர். கணவாய் ஆக்ஸானுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு 400 மில்லிமோல். பெருக்கினால் 50 லட்சம் பைக்கோமோல். அதிலிருந்து ஒரு சிக்னலுக்கு 4 போகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பம்ப்பை முழுவதுமாக நிறுத்திவிட்டு, நொடிக்கு நூறு சிக்னல் விட்டால்கூட, பொட்டாசியத்தில் பத்தில் ஒரு பங்கு போக இருபது நிமிடம் ஆகும். இந்தப் பெருக்கலைப் பையனே பலகையில் போடட்டும். அவனுக்குக் கணக்கு வரும் என்று நினைக்கிறேன், கேள்வியிலேயே தெரிகிறது.

கணக்கோடு நிறுத்தவில்லை, செய்தும் பார்த்தார்கள். ஹாட்ஜ்கினும் கீன்ஸும் 1955இல் கணவாய் ஆக்ஸானில் டைநைட்ரோபீனால் என்ற விஷத்தை விட்டு ஏடிபி உற்பத்தியை முடக்கினார்கள். சோடியம் வெளியேறுவது கிட்டத்தட்ட நின்றது. சிக்னல் நிற்கவில்லை. பெரிய மாற்றமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. விஷத்தைக் கழுவியதும் பம்ப் மறுபடி ஓட ஆரம்பித்தது.

எனக்கு இதைவிடவும் பிடித்த சோதனை 1961இல் பேக்கர், ஹாட்ஜ்கின், ஷா மூவரும் செய்தது. ஆக்ஸானின் ஒரு முனையை வெட்டி, சின்ன ரப்பர் உருளையை மேலே உருட்டி உள்ளே இருந்த கூழை எல்லாம் பிதுக்கி வெளியே எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது தட்டையாகக் கிடக்கும் வெறும் உறை. அதற்குள் பொட்டாசியம் சல்பேட் கரைசலை ஓடவிட்டதும் மறுபடி உருண்டு திரண்டது. தூண்டினால் சிக்னல் போனது! உள்ளே மைட்டோகாண்ட்ரியா கிடையாது, ஏடிபி கிடையாது, புரதக்கூழ் கிடையாது. ஒரு படலம், இரண்டு பக்கமும் இரண்டு வேறு உப்புக் கரைசல். அதிலேயே லட்சக்கணக்கில் சிக்னல் ஓடியது. நரம்புச் சிக்னலுக்கு என்ன தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை.

படலத்தைப் பற்றிய இரண்டாவது கேள்வி. சோடியம் அயனி சின்னதுதான், ஆனால் தண்ணீரில் அது தனியாக இருப்பதில்லை. சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். படலத்தின் நடுவில் இருப்பது கொழுப்பு வால்கள். அங்கே நுழைய அந்தத் தண்ணீரை எல்லாம் உதறிவிட்டுப் போக வேண்டும், அதற்கு ஆகும் ஆற்றல் மிக அதிகம். அளவு இங்கே பிரச்சினை இல்லை. ஆக்சிஜனும் கார்பன் டையாக்சைடும் மின்னூட்டம் இல்லாததால் தாராளமாகப் போய்வருகின்றன. பொட்டாசியம் சேனலுக்குள் என்ன நடக்கிறது என்பதை 1998இல் மெக்கினன் படிக அமைப்பை எடுத்துக் காட்டினார். குறுகலான பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பொட்டாசியம் உதறிய தண்ணீரின் இடத்தை அவை சரியாக நிரப்புகின்றன. சோடியம் அதைவிடச் சின்னது, அந்த ஆக்சிஜன்களை அதனால் எட்டித் தொட முடியாது. அதனால் தண்ணீரை உதறுவது அதற்குக் கட்டுப்படியாகாது, உள்ளே வராது. சின்னது நுழைய முடியாமல் பெரியது நுழைகிறது. உங்கள் பையனுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

இன்னொரு எண்ணும் சொல்லுங்கள். படலம் சுமார் 7 நானோமீட்டர் கனம். அதன் குறுக்கே 70 மில்லிவோல்ட். ஒரு மீட்டருக்குக் கணக்கிட்டால் ஒரு கோடி வோல்ட். சேனல் புரதத்தில் மின்னூட்டம் உள்ள பகுதி நகர்ந்து திறப்பது இந்தப் புலம் மாறுவதால்தான்.

அருப்புக்கோட்டை டியூஷன்:

மேடம், ரொம்ப நன்றி. பெருக்கிப் பார்த்தேன், சரியாக வருகிறது. ரப்பர் உருளைச் சோதனையை இதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை.

ஒரு சந்தேகம். கணவாய் ஆக்ஸான் அரை மில்லிமீட்டர். நம் உடம்பில் அவ்வளவு பருமன் கிடையாதே. மெல்லிய நரம்பிழையில் உள்ளே இருக்கும் இருப்பும் குறைவாகத்தானே இருக்கும்? அங்கேயும் இதே கணக்கு நிற்குமா?

உடலியல் ஆய்வகம்:

நிற்காது சார். அந்த இடத்தில் உங்கள் மாணவனின் பயம் நியாயமானது.

வலியையும் சூட்டையும் கொண்டுபோகும், மயலின் என்ற கொழுப்பு உறை இல்லாத இழைகள் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில்தான் இருக்கும். விட்டம் ஐநூறில் ஒரு பங்காகக் குறைந்தால், அதே பரப்புப் படலத்துக்குப் பின்னால் இருக்கும் கன அளவும் ஐநூறில் ஒரு பங்கு. நம் செல்லில் பொட்டாசியம் 140 மில்லிமோல் என்று வைத்துப் போட்டால் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 3,500 பைக்கோமோல். அதே 4 போகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு சிக்னலுக்குச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. சில நூறு சிக்னல் தொடர்ந்து போனாலே உள்ளே சோடியம் ஏறுவது தெரியும். சோடியம் ஏறினால் பம்ப் வேகம் பிடிக்கும். 3 வெளியே, 2 உள்ளே என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நேர்மின்னூட்டம் கூடுதலாக வெளியே போகிறது. அதனால் மெல்லிய இழைகளில் நிறைய சிக்னல் போன பிறகு கொஞ்ச நேரம் உள்பக்கம் வழக்கத்தைவிட அதிக எதிர்மின்னாக இருக்கும். இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

நம் மூளையில் பெரும்பகுதி இழைகள் இப்படி மெல்லியவைதான். உடல் எடையில் மூளை 2 சதவீதம், ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் அதன் பங்கு 20 சதவீதம். அதில் பெரும்பங்கு இந்தப் பம்ப்புக்குப் போகிறது. ஆகவே "ஒரு சிக்னலுக்குப் பம்ப் வேண்டாம், நாள் முழுக்கச் சிக்னல் போக வேண்டுமென்றால் பம்ப் இல்லாமல் முடியாது" என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பம்ப்பைக் கண்டுபிடித்த கதையும் சொல்லத் தகுந்தது. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்தில் யென்ஸ் ஸ்கூ என்ற மருத்துவர். மரத்துப்போகச் செய்யும் மருந்து நரம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் முதலில் அவருக்கு ஆர்வம். கடற்கரை நண்டின் கால் நரம்புகளை அரைத்து, ஏடிபியை உடைக்கும் நொதி ஒன்றைப் பார்த்தார். சோடியம் மட்டும் சேர்த்தால் பெரிதாக வேலை செய்யவில்லை, பொட்டாசியம் மட்டும் சேர்த்தாலும் இல்லை; இரண்டையும் சேர்த்தால் சுறுசுறுப்பாக வேலை செய்தது. 1957இல் வெளியிட்டார். நோபல் வந்தது 1997இல், நாற்பது வருஷம் கழித்து.

வார்டு சிஸ்டர்:

இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. சிறுநீரகப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டில் பொட்டாசியம் என்றாலே எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் 10 மில்லி, அதில் 20 மில்லிமோல். அதை ஒருபோதும் நேராக நரம்பில் ஏற்றக்கூடாது. பாட்டிலில் கலந்து, நன்றாகக் குலுக்கி, மெதுவாக மணிக்கணக்கில்தான் ஏற்ற வேண்டும். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். அதனால் மற்ற ஆம்பூல்களோடு வைக்காமல் தனியாகப் பூட்டி வைப்போம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

டயாலிசிஸ் நோயாளிகளில் ஒருவர், வயதான அப்பா. வெயிலுக்கு நல்லது என்று வீட்டில் இளநீர் கொடுத்திருக்கிறார்கள், ஒரே நாளில் சில காய்கள். மறுநாள் கை காலைத் தூக்க முடியவில்லை என்று கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஈசிஜியில் டி அலை கூடாரம் போலக் கூராக ஏறி நின்றது. இரத்தத்தில் பொட்டாசியம் 7க்கு மேல். கால்சியம் குளுக்கோனேட், அப்புறம் இன்சுலினும் குளுக்கோஸும், சால்புட்டமால் நெபுலைசர், பிறகு உடனே டயாலிசிஸ். பிழைத்துக்கொண்டார். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்று அந்தக் குடும்பத்துக்கு யாரும் அழுத்திச் சொல்லியிருக்கவில்லை. சிறுநீரகம் கெட்டவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து டாக்டரிடம் கேட்காமல் இளநீர் கொடுக்காதீர்கள்.

மேடம், என் கேள்வி: உள்ளே 140 இருக்கும்போது வெளியே 4 இருப்பது 7 ஆனால் என்ன பெரிய வித்தியாசம்? ஏன் இவ்வளவு ஆபத்து?

உடலியல் ஆய்வகம்:

சிஸ்டர், நீங்கள் பார்த்ததை நாங்கள் தவளையில் பார்த்திருக்கிறோம். அந்தக் காலத்தில் ஆய்வகத்தில் தவளையின் தொடை நரம்பையும் கெண்டைக்கால் தசையையும் சேர்த்து எடுத்து ரிங்கர் என்ற உப்புக் கரைசலில் வைப்போம். தசையின் நுனியில் நெம்புகோல், அதன் முனை கரி படியப் புகையூட்டிய தாள் சுற்றிய டிரம்மைத் தொட்டுக்கொண்டு நிற்கும். டிரம்மை வேகமாகச் சுழலவிட்டு நரம்பை மேல்முனையில் ஒரு முறை, தசைக்குப் பக்கத்தில் ஒரு முறை தூண்டினால் இரண்டு வெள்ளைக் கோடுகள் விழும். இரண்டும் கிளம்பும் இடங்களுக்கு நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் நரம்பில் 4 செண்டிமீட்டர் தூரத்தைச் சிக்னல் கடந்த நேரம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் இதே கழித்தல் முறையில்தான் நொடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று கண்டார். அவருடைய ஆசிரியர் முல்லர், நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று சொல்லியிருந்தார்.

அதே தவளை நரம்பின் மேல் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்த பஞ்சை வைப்போம். முதலில் தசை படபடவென்று தானாகத் துடிக்கும். அப்புறம் அமைதி. எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் அசையாது. ரிங்கரை ஊற்றிக் கழுவிக் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி வேலை செய்யும். இப்போது பிள்ளைகள் இதைக் கணினித் திரையில் பார்க்கிறார்கள். தவளைகள் பிழைத்தன, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் துடிப்பும் அடங்குதலும் கண்ணால் பார்க்க வேண்டியவை.

காரணம் இது. ஓய்வு மின்னழுத்தம் முக்கியமாகப் பொட்டாசியம் கசியும் சேனல்களால் வருகிறது. உள்ளே வெளியே எவ்வளவு என்பதைவிட, இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் அதைத் தீர்மானிக்கிறது. 140க்கு 4 என்றால் பொட்டாசியத்தின் சமநிலை −95 மில்லிவோல்ட். வெளியே 8 ஆனால் −76. உள்ளே இருப்பில் ஒன்றும் மாறவில்லை, வெளியே லிட்டருக்கு 4 மில்லிமோல்தான் கூடியது. அதற்கே 19 மில்லிவோல்ட் போய்விட்டது. உள்பக்கம் இப்படி மெதுவாக மேலே ஏறினால் சோடியம் சேனல்கள் திறக்காமலே அடைபட்ட நிலைக்குப் போகின்றன. ஒரு சோடியம் சேனல் அடைப்பிலிருந்து விடுபட வேண்டுமென்றால் உள்பக்கம் நன்றாக எதிர்மின்னாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் தூண்டினாலும் பலன் இல்லை. அந்தப் பெரியவருக்குக் கை கால் தளர்ந்தது அதனால்தான். இதயத் தசையில் அதே நடந்தால் துடிப்பு சீர் கெட்டு நின்றுவிடும்.

நீங்கள் கொடுத்த மருந்துகளையும் இதோடு பொருத்திப் பாருங்கள். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. இதயத் தசை திறன் இழக்காமல் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிறது. இன்சுலினும் சால்புட்டமாலும் நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே பம்ப்பை முடுக்கிவிட்டு, பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுகின்றன. குளுக்கோஸ் கூடவே கொடுப்பது சர்க்கரை இறங்கிவிடாமல் இருக்க. உடம்பிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றுவது டயாலிசிஸ்தான்.

மருந்துக்கடை:

பம்ப் கட்டிவைத்த சோடியம் இருப்பை நரம்பு மட்டும் பயன்படுத்துவதில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் சார். குடல் செல்லும் அதைத்தான் வைத்துப் பிழைக்கிறது. குளுக்கோஸைத் தனியாக உள்ளே இழுக்காமல், சோடியம் உள்ளே இறங்கும்போது அதோடு சேர்த்து இழுக்கிறது ஒரு புரதம். 1960இல் ராபர்ட் கிரேன் பிராகில் நடந்த கூட்டத்தில் சொன்ன கருத்து இது. காலராவில் குடல் தண்ணீராகக் கொட்டும்போதும் இந்த வழி கெடுவதில்லை. சோடியமும் குளுக்கோஸும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னால் போகும். பேதிக்குக் குடிக்கக் கொடுக்கும் ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரைக் கரைசல் முழுக்க இந்த ஒரு புரதத்தை நம்பித்தான் இருக்கிறது. 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமானவர்களைக் காப்பாற்றினார்.

இப்போதைய பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75. இரண்டும் சமமாக இருப்பது இதனால்தான்.

கடையில் தினமும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் ஒரு லிட்டரில் கலக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கண்ணளவில் போடுகிறார்கள், பெரும்பாலும் கெட்டியாகிவிடுகிறது. கெட்டியான கரைசல் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், குழந்தைக்குப் பேதி இன்னும் அதிகமாகும். ஒரு டம்ளர்தான் வேண்டுமென்றால் 200 மில்லிக்கு என்றே சின்னப் பாக்கெட் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

அருப்புக்கோட்டை டியூஷன்:

ஒரே கேள்விக்கு இத்தனை பேர் பதில் சொன்னதற்கு நன்றி. இன்று வகுப்பில் அந்தப் பையனையே பலகைக்குக் கூப்பிட்டுப் பெருக்கச் சொன்னேன். 50 லட்சம் என்று விடை வந்ததும் மற்ற பிள்ளைகளும் நோட்டை எடுத்தார்கள். அப்புறம் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "ஆக்ஸான் முனை வரைக்கும் சோடியம் வேலை செய்யுது. அங்கே அடுத்த செல்லுக்கு நடுவுல இடைவெளி இருக்கே, சோடியம் தாவுமா?" தாவாது, அசிட்டைல்கோலின் போன்ற வேதிப்பொருள் போகும் என்றேன். வேதிப்பொருளை வெளியே விடச் சொல்வது யார் என்று கேட்டாள்.

உடலியல் ஆய்வகம்:

கால்சியம் என்று சொல்லுங்கள் அந்தப் பெண்ணிடம்.

செல்லுக்கு வெளியே கால்சியம் ஒன்று முதல் இரண்டு மில்லிமோல். உள்ளே கட்டற்ற நிலையில் இருப்பது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. சிக்னல் ஆக்ஸான் முனைக்கு வந்ததும் அங்கே உள்ள கால்சியம் சேனல்கள் திறக்கும். உள்ளே ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததால் கொஞ்சம் நுழைந்தாலே அளவு பல மடங்கு ஏறிவிடும். அதை அங்கே உள்ள புரதங்கள் உணர்ந்து, வேதிப்பொருள் நிரம்பிய பைகளைப் படலத்தோடு இணைய வைக்கும், பை திறந்து வெளியே கொட்டும். இது முழுக்க ஒரு மில்லிநொடிக்குள் நடந்துவிடும்.

பை பையாகத்தான் கொட்டுகிறது என்பதை பெர்னார்ட் காட்ஸ் லண்டனில் தவளைத் தசையில் கண்டார். நரம்பைத் தூண்டாமல் சும்மா விட்டிருக்கும்போதே தசையில் அரை மில்லிவோல்ட் அளவுக்குச் சின்னச் சின்ன அதிர்வுகள் தானாக வந்துகொண்டிருந்தன. கால்சியத்தைக் குறைத்துவிட்டு நரம்பைத் தூண்டினார். வந்த பதில்கள் அந்தச் சின்ன அதிர்வின் ஒரு மடங்கு, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று படிப்படியாக இருந்தன, சில தடவை ஒன்றுமே வரவில்லை. ஒன்றரை மடங்கு என்பது வரவில்லை. 1970இல் அவருக்கும் நோபல்.

அடுத்த செல்லில் அசிட்டைல்கோலின் போய் ஒட்டியதும் திறக்கும் சேனலில் சோடியம்தான் பெரும்பாலும் உள்ளே பாய்கிறது. ஆகவே அவளிடம் இப்படிச் சொல்லலாம்: இந்தச் செல்லின் சோடியம் தாவுவதில்லை, அந்தப் பக்கம் வெளியே ஏற்கெனவே காத்திருக்கும் சோடியம் உள்ளே வருகிறது.